ஊசி என்ன கலர்?

"பொய் சொல்லாதீங்கம்மா. இன்சுலின் போட்டும் சுகர் இவ்வளவு ஏறுதுன்னா, திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறீங்கன்னுதானே அர்த்தம்?"

எல்லார் முன்னாலும் நர்ஸ் இப்படிக் கேட்டதும் தையல்காரம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"சத்தியமா இல்ல சிஸ்டர். காபிக்குக்கூட சர்க்கரை போடறதில்ல. வேளை தவறாம ஊசி போட்டுக்கறேன்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு வார்டுல சொல்லிக் குடுத்தாங்க."

"ஒழுங்கா போடறீங்களா?"

"ஊசியும் கையுமா பொழப்பு நடத்துறவ சிஸ்டர் நான். எனக்கா ஊசி போடத் தெரியாது?"

"அப்போ வாய்தான் காரணம். டாக்டர்கிட்ட சொல்லி டோஸைக் கூட்டச் சொல்றேன். இப்போ இன்சுலின் வகுப்பு ஆரம்பிக்கப் போகுது, நீங்களும் உக்காந்து கேளுங்க."

தையல்காரம்மா கடைசி வரிசையில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாரம் ஒரு நாள் நடக்கும் வகுப்பு அது. பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று நர்ஸ் செய்து காட்டுவாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், சீட்டு கேட்பதில்லை. நர்ஸ் இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

வழக்கம்போல முதல் வரிசையில் அவர் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஹெல்மெட். பார்த்ததுமே நர்ஸுக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. ஊசியை ஃப்ரீசரில் வைக்கலாமா, சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் எந்தச் சாப்பாட்டுக்கு என்று வாராவாரம் பிடுங்கி எடுப்பார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம் சார்'.

நர்ஸ் மளமளவென்று சொல்லி முடித்தாள். "ஊசியைப் பேனாவில திருகுங்க. மூடியைக் கழட்டுங்க. டோஸ் வைங்க. வயித்துல குத்தி அழுத்துங்க. பத்து எண்ணிட்டு எடுங்க. அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

எல்லாத் தலைகளும் ஆடின.

சந்தேகம் சார் எழுந்து நின்றார். "மூடியைக் கழட்டினா உள்ள என்ன சிஸ்டர் இருக்கும்?"

"ஊசிதான் இருக்கும். பின்ன, யானையா இருக்கும்?" என்றார் பின்னாலிருந்து ஒரு மீசைக்காரர். அறையே சிரித்தது.

"ஊசி என்ன கலர்ல இருக்கும்?"

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "போன வாரமும் இதையேதான் கேட்டீங்க சார்."

"ஆமா சிஸ்டர்."

"அதுக்கு முந்தின வாரமும் கேட்டீங்க."

"ஆமா. இன்னொரு தடவை சொல்லுங்க."

"விளையாடறீங்களா? வெளியில எத்தனை பேர் காத்துக் கிடக்கறாங்க தெரியுமா?"

"தெரியும். நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் உக்காந்துடுவேன்."

"யோவ், உக்காருய்யா! மண்டையில ஏறலைன்னா வீட்ல யாரையாவது கூட்டிக்கிட்டு வா!" என்றார் மீசைக்காரர்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை, உட்காரவுமில்லை.

இவரோடு மல்லுக்கட்டுவதைவிடச் சொல்லித் தொலைப்பதே மேல் என்று நர்ஸ் ஒரு புது ஊசியை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

"நல்லா பாத்துக்குங்க. இது வெளிமூடி. கழட்டியாச்சா? உள்ள பச்சையா குச்சி மாதிரி தெரியுதே, இது ஊசி இல்ல. இதுவும் மூடிதான். இதையும் உருவணும். அப்புறம் முடி மாதிரி மெல்லிசா, வெள்ளி கலர்ல இருக்கே, இதான் ஊசி. போதுமா சார்?"

"போதும் சிஸ்டர்." உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர்..."

இப்போது கூப்பிட்டது கடைசி வரிசையிலிருந்து தையல்காரம்மா. எழுந்து நின்றிருந்தாள்.

"என் ஊசி பச்சைதான் சிஸ்டர்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"குத்துனா வலிக்கவே வலிக்காது. நல்ல ஊசின்னு நெனச்சுக்கிட்டேன். எடுத்தா அந்த இடம் ஈரமா இருக்கும். மருந்து கொஞ்சம் சிந்துது போலன்னு தொடச்சிடுவேன்."

கொஞ்சம் இல்லை, அத்தனையும் வெளியேதான் சிந்தியிருக்கிறது என்று நர்ஸுக்குப் புரிந்தது. மாதக் கணக்கில் ஒரு சொட்டு மருந்துகூட அவள் உடம்புக்குள் போகவில்லை.

நர்ஸ் மேஜையைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார் முன்னாலயும் உங்களைப் பேசிட்டேன்மா. அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன். உங்க மேல தப்பே இல்ல, சொல்லிக் குடுத்த எங்க மேலதான். மன்னிச்சிடுங்க. டோஸைக் கூட்டவே கூடாது. டாக்டரைப் பாத்துட்டுத்தான் இன்னிக்கு வீட்டுக்குப் போகணும். நானே கூட வரேன்."

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீசைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சிஸ்டர், அந்த உள்மூடியை எனக்கும் இன்னொரு வாட்டி காட்டுறீங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து, தையல்காரம்மாவை டாக்டர் அறையில் விட்டுவிட்டு, நர்ஸ் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினாள். சந்தேகம் சார் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். உங்க பேனாவைக் குடுங்க, சரியா போடறீங்களான்னு நானே பாத்துடறேன். நீங்க எத்தனை தடவை கேட்டாலும் இனிமே கோவிச்சுக்க மாட்டேன்."

"என்கிட்ட பேனா இல்லம்மா. எனக்கு சுகரும் இல்ல."

நர்ஸ் திகைத்தாள். "பின்ன எதுக்கு சார் வாராவாரம் வந்து இவ்வளவு பேச்சு வாங்கறீங்க?"

அவர் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் சம்சாரத்துக்கு இருந்துதும்மா. அவளும் இந்த வகுப்புலதான் கத்துக்கிட்டா. கேட்டா சிரிப்பாங்கன்னு, கடைசி வரைக்கும் யாரையும் கேக்காமலே போய்ச் சேந்துட்டா."