கடுகளவு அம்மா

"இந்தப் படத்துல உங்க பொண்ணு உங்களை எங்க வரைஞ்சிருக்கா, கண்டுபிடிங்க பாப்போம்," என்றாள் டிராயிங் மிஸ்.

அம்மா படத்தைக் கையில் வாங்கினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கிய படத்துக்கெல்லாமா பெற்றவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று வழி நெடுகப் பொருமிக்கொண்டுதான் வந்தாள்.

தாளில் பாதிக்கு மேல் ஓர் ஆணின் முதுகு. கட்டம் போட்ட சட்டை, காதுக்குக் கீழே மச்சம். சந்தேகமே இல்லை, அவள் கணவன்தான். ஏதோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மீதி இடமெல்லாம் நீலத்தை அப்பி வைத்திருந்தாள் மகள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"மேல, இடது ஓரத்துல. கடுகு மாதிரி ஒண்ணு வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்குது பாருங்க."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "சின்னப் பிள்ளைதானே மிஸ். இடம் பத்தாம போயிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். ஆனா இந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கிட்ட–தூரம் பாடம். ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டை விரலை நீட்டிப் பாக்கச் சொன்னேன். எதிர் கட்டடத்துத் தண்ணித் தொட்டியே விரலுக்குப் பின்னால மறைஞ்சிடும். ஒருத்தன், 'மிஸ், நான் ஹெட்மாஸ்டரையே மறைச்சுட்டேன்'னு கத்தறான். அவர் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கார்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ்ஸும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கிட்ட இருக்கறது பெருசு, தூரத்துல இருக்கறது சின்னது. அவ்வளவுதான் பாடம். என் கிளாஸ்ல ரப்பர் கிடையாது. 'மரம் சின்னதா போச்சு மிஸ், ரப்பர் குடுங்க'ன்னு வந்து நிப்பாங்க. அழிக்காதே, பெருசா தெரியணும்னா கிட்ட போய்ப் பாருன்னு விரட்டி விடுவேன். இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டது உங்க சிட்டுதான். அதனாலதான் சொல்றேன், அவ தெரியாம வரையல. தன்னையும் படத்துல போட்டுக்கவே இல்ல. வீட்டுல அவளோட உக்காந்து பேசறீங்களா?"

கேள்வி மெதுவாகத்தான் வந்தது. அம்மாவுக்கு அறைந்தது போல் இருந்தது.

"அவர் கப்பல் ஏறி எட்டு மாசம் ஆச்சு மிஸ். தலை வாரி விடறது நான், ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கறது நான், காய்ச்சல் வந்தா மடியில போட்டுக்கறது நான். எட்டு மாசமா கண்ணுலயே படாதவர் பேப்பர் பூரா நிக்கறார். நான் கடுகு!"

கைப்பையில் ஃபோன் இருந்தது. அதே கப்பலில் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள், உனக்குச் சரியா என்று கணவன் கேட்டிருந்தான். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். 'இங்கே எல்லாம் நல்லாத்தான் நடக்குது, இருந்துட்டு வாங்க' என்று காலையிலேயே தட்டி வைத்துவிட்டாள். அனுப்பத்தான் விரல் வரவில்லை. அவன் வேண்டும், இன்றைக்கே வேண்டும், கதவைத் திறந்தால் அவன் நிற்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. அதைச் சொன்னால் அங்கே அவனுக்கு வேலை ஓடாது என்று விழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது மகளும் கைவிட்டுப் போய்விட்டாளா?

"சாயங்கால ஷிஃப்ட் வேண்டாம்னு நாளைக்கே சொல்லிடறேன் மிஸ்," என்று மூக்கை உறிஞ்சினாள்.

"முதல்ல அவகிட்டயே கேட்டுடலாம். சிட்டு, இங்க வாம்மா!"

வராந்தாக் குழாயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த சிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி ஓடி வந்தாள். மூக்கு நுனியில் நீலம்.

அம்மா அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "அம்மா மேல கோபமாடி?"

"இல்லையே."

"பின்ன ஏன் என்னை இவ்வளவு தூரத்துல கொண்டுபோய் நிறுத்தி வெச்ச? நான் எப்பவும் உன் பக்கத்துலதானே இருக்கேன்?"

சிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு வளர்ந்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவளுக்கு ஆச்சரியம்.

"நான் அங்க இல்லம்மா. அப்பா பக்கத்துல, கப்பல்ல நின்னுக்கிட்டுல்ல வரைஞ்சேன்? வரையறவ எப்படிப் படத்துல தெரிவா?"

"அப்ப இந்த நீலம்? நான் ஆகாயம்னு..." என்று மிஸ் தடுமாறினாள்.

"கடல் மிஸ்."

அம்மா மகளின் தோளைப் பிடித்தாள். "எதுக்குடி அங்க போய் நின்ன?"

"இதை அப்பாவுக்கு அனுப்பத்தான். நீ ஃபோன்ல தினமும் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னே சொல்ற. வெச்சதும் அடுப்படியில போய் அழற. அங்கேர்ந்து பாத்தா நீ எவ்வளவு சின்னதா தெரியறேன்னு அப்பா பாக்கட்டும்மா. பெருசா தெரியணும்னா அவர் கிட்ட வந்துதானே ஆகணும்? ரப்பர்தான் கிடையாதே!"