நாலாவது அடி

"சார், ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. ஒழுங்கா வாசிங்க, இல்லேன்னா மூட்டை கட்டிடுங்க. அந்த நாலாவது அடி ஒவ்வொரு தடவையும் லேட்டா விழுது. மண்டை காயுது எனக்கு!"

கதவைத் திறந்த டிரம்ஸ்காரருக்கு வாயெல்லாம் பல். போன வாரம்தான் கீழ் வீட்டுக்குக் குடிவந்திருந்தார். வந்து நின்றவர் மாடி வீட்டுப் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கெட்ட கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருந்தது.

"உள்ள வாங்க டாக்டரம்மா. எங்க பேஸ் கிட்டார்காரரும் இப்படித்தான் சண்டைக்கு வந்தாரு. பழைய வீட்டுல, பாதி ஷேவிங்கோட, மூஞ்சி நிறைய நுரை! அதே நாலாவது அடிக்காகத்தான்."

"அப்பவே திருத்திக்கிட்டிருக்கலாமே சார்?"

"என்னம்மா பண்றது, கை அங்க சறுக்குது. எங்க பாட்டுக்காரர் கதையைக் கேளுங்க. அவர் போலீஸ்காரர். சத்தம் தாங்கலன்னு யாரோ புகார் குடுத்து, விசாரிக்க வந்தாரு. வந்தவர் லத்தியால மேஜையைத் தட்டி, 'யோவ், இப்படிப் போடணும்யா தாளம்'னு பாடவே ஆரம்பிச்சுட்டாரு! ஒரு தடவை டியூட்டி முடிஞ்சு யூனிஃபார்மோடயே கல்யாண மேடையில ஏறிட்டாரா... மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க பாதிப் பேர் பின்வாசல் வழியா எஸ்கேப்!"

டாக்டர் சிரித்துவிட்டார். சண்டை போட வந்ததை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டார்.

"இன்னொரு கச்சேரியில என் குச்சி கையை விட்டுப் பறந்து போய் கேக் மேல செங்குத்தா நின்னுடுச்சு. பொறந்தநாள் பாப்பா அதையும் ஊதி அணைக்கப் பாத்துச்சு!"

சிரித்துக்கொண்டே இருந்த டிரம்ஸ்காரரின் முகம் சட்டென்று வாடியது. "எல்லாம் நாளையோட சரிம்மா. கீபோர்டு வாசிச்ச பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போயிடுச்சு. நாளைக்குச் சாயங்காலம் ஒரு வரவேற்பு. கீபோர்டு இல்லேன்னா வேற குழுவைக் கூப்பிட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க. இதுவும் போச்சுன்னா குழுவைக் கலைச்சுட வேண்டியதுதான்."

டாக்டர் விரல்களைப் பிசைந்தார்.

"நான்... காலேஜ்ல வாசிச்சிருக்கேன் சார். கீபோர்டு பரண்லதான் கிடக்கு. கிளினிக் ஆரம்பிச்சப்புறம் தொடவே இல்ல."

"அய்யய்யோ, உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?"

"என்ன பெரிய சிரமம்? கிளினிக்கைக் கொஞ்சம் முன்னாடியே மூடிட்டு வந்துடறேன்!" டாக்டர் குதிக்காத குறைதான். "ஆனா ஒரு கண்டிஷன். அந்த அடியை நான் சொல்லித் தர்ற மாதிரிதான் அடிக்கணும்."

"உத்தரவு டாக்டரம்மா!"

டாக்டர் இரண்டிரண்டு படிகளாகத் தாவி மாடிக்கு ஓடினார். டிரம்ஸ்காரர் கதவைச் சாத்திவிட்டு பேஸ் கிட்டார்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணே, கீபோர்டு கிடைச்சாச்சு!"

"அதுக்குள்ளயா? எப்படிடா?"

"உங்களைப் பிடிச்ச மாதிரியேதான்ணே. சத்தம்னு சண்டைக்கு வந்தவங்களை எல்லாம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிட்டேன். தாளம் தப்புன்னு வந்தது இவங்க ஒருத்தங்கதான். அப்பாடா, இனிமே சரியா வாசிக்கலாம்! ஒரு வாரமா வேணும்னே தப்பா வாசிச்சு கையே விட்டுப்போச்சு!"