மிளகுச் சாக்கு

"எங்க அக்காவ இதுல இழுக்காதீங்க, சேர். அவங்க எனக்குத் தாய் மாதிரி."

சொல்லும்போதே ஸ்ரீதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தெரணியகலை டவுனில் அவன் கடையைப் பொலிஸ் தலைகீழாகப் புரட்டியும் ஒரு மத்தாப்புக் குச்சிகூட அகப்படவில்லை. அந்தக் கடுப்பில் சார்ஜன்ட் அடுத்த இடத்துக்குத் தாவிவிட்டார்.

"ஒங்க அக்கா லயம் மேல் டிவிஷன்லதானே? அங்கயும் பாத்துருவோம். லைசன் இல்லாம வெடி வித்தா என்னா நடக்கும்னு தெரியும்தானே? ரிமாண்ட். கடைக்கும் சீல்." சிங்களவர்தான், ஆனால் தோட்டங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தீபாவளிக்கென்று கள்ளத்தனமாகக் கட்டுவித்த வெடி முழுவதும் அக்கா ஜெயம்மாவின் வீட்டில்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் இருந்தது. தன் வீட்டிலேயே வைத்திருக்கலாம். ஆனால் அது பிள்ளைகள் ஓடித் திரிகிற வீடு.

"மிளகுக்கா. பிரிக்காதீங்க, ஈரம் படாமப் பாத்துக்குங்க" என்று சொல்லி, வாயைத் தைத்த சாக்கை நேற்று இறக்கிவிட்டு வந்திருந்தான். தம்பி சொன்னால் அக்காவுக்கு அது வேதவாக்கு. தாயில்லாப் பிள்ளையைத் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சேர்த்துச் சுமந்து ஆளாக்கியவள், அவனுக்காகக் கலியாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

போன் அடித்தது.

"யாரு?"

"அக்கா, சேர்."

"பேசுங்க. நாங்க வர்றத மட்டும் வாய் தவறியும் சொல்லிராதீங்க." சார்ஜன்ட் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

ஸ்ரீதரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"தம்பி, விடியவிருந்து ஒரே மழை, வேலைக்கும் போகல. கூரை ஒழுகி ஒன் சாக்கு நனைஞ்சு போச்சுப்பா! மனசே கேக்கல. அடுப்புக்கு மேல பரண்ல ஏத்திட்டேன்."

நனைந்த மிளகை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிக் காயவைப்பது லயத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஸ்ரீதரன் சார்ஜன்ட்டை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நெருப்பு நல்லாப் புடிச்சிருச்சு. நான் பக்கத்துலயே குந்தி ஊதிக்கிட்டு இருக்கேன். சாக்கு லேசா கருகுற மாதிரி இருக்கு தம்பி, எறக்கிரவா?"

'எறக்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா பிழைத்துக்கொள்வாள். ஆனால் ஜீப் போய்ச் சேரும்போது சாக்கும் முழுசாக இருக்கும். வெளியே டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான்.

ஸ்ரீதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இருக்கட்டும்க்கா, இன்னும் ரெண்டு வெறகு வைங்க."