ரோஹிணி கேட்ட வேன்

"சாயங்கால டியூட்டி முடிஞ்சி போற பொண்ணுங்கள வீட்டாண்ட விட ஒரு வேன் வேணும் சார்" என்று ரோஹிணி ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அதைச் சொல்லத்தான் சித்தூரிலிருந்து விடிந்தும் விடியாததுமாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் நேரத்தில் லீவு கேட்பதென்றால் சும்மாவா? சூப்பர்வைசர் பார்த்த பார்வையில் பாலும் திரிந்திருக்கும்.

கூட்டம் நடந்தது திருப்பதியில், ஒரு தொண்டு சங்கத்தின் மாடி ஹாலில். காலேஜ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலும் திருச்சானூர் கோயில் தெருவிலும் யாத்ரிகர்களுக்கு உதவ அனுப்புகிற சங்கம் அது. பாஷை தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு வழி சொல்வது, கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது, எல்லாம் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். படித்த காலம் முழுக்க அந்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு அலைந்தவள் ரோஹிணி.

இந்த வருஷம் சங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. பழைய தொண்டர்கள் சிலரைக் கூப்பிட்டு, 'இளம் ஆலோசகர்கள்' என்று பெயர் வைத்து, முன்வரிசையில் நாற்காலி போட்டது. இனிமேல் எங்களுக்கு வழிகாட்டப்போவது நீங்கள்தான் என்று செயலாளர் சிவசங்கரன் ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்.

ரோஹிணி அதை நிஜமென்று நம்பினாள். அதுதான் கோளாறு.

விஷயத்தை அவளிடம் போனில் சொன்னது ஹரிதா. திருச்சானூரில் வளையல் கடை வைத்திருக்கிறவரின் மகள், இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ரோஹிணிதான் அவளைச் சங்கத்தில் சேர்த்துவிட்டது. சாயங்கால டியூட்டி முடித்து, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி இருட்டில் நடக்கும்போது எவனோ ஒருத்தன் பைக்கில் பின்னாலேயே வருகிறானாம். இன்னும் சில பெண்களுக்கும் அதே தொல்லையாம்.

சங்கத்துக்கென்று ஒரு வேன் இருக்கிறது. பகலில் தண்ணீர் கேன்களைச் சுமந்துவிட்டு, சாயங்காலமானால் சிவசங்கரன் வீட்டு வாசலில் தேமே என்று நிற்கும். அதை ஒரு சுற்று விட்டால் தீர்ந்தது. இதற்குப் பெரிய ஆலோசகரெல்லாம் வேண்டாம், வாய் இருந்தால் போதும்.

"பாகுந்தி, பாகுந்தி! நல்ல பாயிண்டு எடுத்தம்மா" என்றார் சிவசங்கரன். சந்தோஷம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும்.

அடுத்த நாற்காலியிலிருந்த பவன்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவளோடு ஒன்றாகத் தொண்டு செய்தவன், இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. நல்லவன்தான். அவளுக்கு ஆதரவாகப் பேசுவதாகத்தான் அவனும் நினைத்தான்.

"எதுக்கு சார் ரிஸ்க்? பொண்ணுங்களுக்குக் காலை டியூட்டி மட்டும் போட்டுடலாம்."

முன்வரிசைத் தலைகளெல்லாம் ஆடின. காலையில் அந்தப் பெண்களுக்குக் காலேஜ் உண்டே என்று ஒரு தலைக்காவது உறைக்க வேண்டுமே! ம்ஹூம்.

ரோஹிணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்தாள். "நான் கேட்டது வேன் சார்."

"இருட்டினப்புறம் பொண்ணுங்களே வர்லன்னா வேன் எதுக்கும்மா?" என்றார் சிவசங்கரன்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பாவம். ஒரு தலைவலி தீர்ந்த நிம்மதியில் வந்த சிரிப்பு. பின்னால் வருகிற அந்தத் தடியனைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் பாட்டுக்கு எந்த நேரத்திலும் எந்தத் தெருவிலும் வரலாம், போகலாம். அவனுக்கு டியூட்டி மாற்ற யார் இருக்கிறார்கள்?

அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம். ஒரு விஷயத்தை யார் கிளப்புகிறார்களோ, அதையொட்டி வருகிற விதிக்கு அவர்கள் பெயரையே வைத்துவிடுவார்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கக்கூடாது என்பது பவன் ரூல். பெயர் வாங்கியவர்களை அங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். படிக்கிற காலத்தில் ரோஹிணிக்கும் அந்த ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

சிவசங்கரன் மைக்கைத் தட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த நீலச் சட்டைப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இன்றிலிருந்து ரோஹிணி ரூல் என்று அறிவித்தார். இருட்டிய பிறகு பெண்களுக்கு டியூட்டி கிடையாது. நம்மிடம் தொண்டு செய்து வளர்ந்த ஒரு பெண்ணே பெண்களுக்காகக் கேட்டு வாங்கிய விதி இது என்றார்.

கைத்தட்டல் ஹாலையே தூக்கியது. ரோஹிணி வேண்டாம், வேண்டாமென்று கையை ஆட்டினாள். அடக்கமான பெண் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் மைக்கை வாங்கப் போனாள். அதற்குள் வடையும் டீயும் வந்துவிட, கூட்டம் கலைந்தது.

வாசலில் ஹரிதா நின்றிருந்தாள்.

அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. வேன் கேட்டுத்தான் வாயைத் திறந்தேன் என்று காலில் விழாத குறையாகச் சொல்ல ரோஹிணி தயாராக இருந்தாள். ஆனால் ஹரிதா சுடிதாருக்கு மேலே மாட்டியிருந்த நீலச் சட்டையைக் கழற்றி அழகாக மடித்து அவளிடம் நீட்டினாள்.

"எங்க நைனாவும் இதைத்தான்க்கா தினமும் சொல்லிக்கினு இருந்தாரு. ரோஹிணி அக்கா போகலியான்னு உங்க பேரைச் சொல்லித்தான் நான் சண்டை போட்டு வந்துக்கினு இருந்தேன். இனிமே அவரும் உங்க பேரைத்தான் சொல்லுவாரு."