நாலு மணி வரை கடையடைப்பு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் குப்பண்ணனுக்கு ஒரு டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது. கல்தொட்டி முக்கில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை.

ஒன்பது நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வருகிறார். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன மகன் சந்துரு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வந்த கோபத்தில் டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு தானே பஸ் ஏறிவிட்டார்.

டீக்கடை பூபதிராஜா இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலைக் கீழே தள்ளி, மறுபடி எடுத்து வைத்தான்.

“கடையடைப்புங்க. நாலு மணிக்கு மேலதான் டீ.”

“ஆருக்குடா?”

பூபதிராஜா கூச்சத்தோடு மேலே கையைக் காட்டினான். “உங்களுக்குத்தானுங்க.”

கரண்ட் கம்பத்தில் கறுப்புக்கொடி. அதற்குக் கீழே ஆள் உயர ஃபிளெக்ஸில் குப்பண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லையோர ஊராதலால் மலையாளத்தில் ஒரு அஞ்சலி, தமிழில் ஒரு அஞ்சலி. வயதை மட்டும் மூன்று கூட்டிப் போட்டிருந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். குப்பண்ணன் வாயடைத்து நின்றதற்குக் காரணமே வேறு. நாலு மணி வரையா!

இந்த முக்கின் சரித்திரத்தில் அத்தனை நேரம் யாருக்கும் அடைத்ததில்லை. வியாபாரி சங்கத்துக்கு இருபத்திரண்டு வருசமாக அவர்தான் தலைவர். யாருக்கு எத்தனை மணி என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வண்டிமாடுகளுக்குக் கல்தொட்டி வைத்தவருக்கு மதியம் வரை. முதல் பஸ்ஸை ஓட்டி வந்த டிரைவருக்கு ஒரு மணி வரை. கள்ளுக்கடை காண்ட்ராக்டருக்குப் பதினொன்று வரை, அதுவும் கள்ளுக்கடை நீங்கலாக. ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் மூன்று கோப்பை ஜெயித்த காளை செத்ததற்குக்கூட ஒன்றரை மணி நேரம் ஷட்டர் இறங்கியது.

பொம்பளைகளுக்கு மட்டும் கிடையாது. அது குப்பண்ணனே போட்ட சட்டம். முக்கில் வந்து நிற்காதவளுக்கு முக்கு எதற்கு அடைக்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“அப்ப நான் தொறந்துர்றனுங்க” என்று பூபதிராஜா சாவியை எடுத்தான்.

“தொறக்காதே! நாலுன்னா நாலுதான்.”

போனவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஸ்டூலை இழுத்துத் தன் ஃபிளெக்ஸின் நிழலிலேயே உட்கார்ந்துகொண்டார். சைக்கிளில் வந்த கோழிக்கடை சின்னமுத்து படத்தைப் பார்த்துக் கும்பிட்டான், கீழே பார்த்தான், நேராக ஓடைக்குள் இறங்கினான். குப்பண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டர் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு மாத்திரை எழுதியிருப்பார்.

“அதுசெரி, நாஞ் செத்துட்டேன்னு ஆரு சொன்னது?”

“ஆரும் சொல்லலீங்க. காத்தால தம்பி சந்துரு போன் பண்ணுச்சுங்க. ஊட்டுல துக்கமாயிருச்சு, சங்கத்துல சொல்லிருங்கன்னு அழுதுட்டே வெச்சிருச்சு. நீங்கதான ஆஸ்பத்திரில இருந்தீங்க? ஆருன்னு கேக்கோணும்னே தோணலீங்க. ஆஸ்பத்திரில இருந்து கொண்டாரட்டும்னு ஊட்டுப் பக்கமும் ஆரும் போகலீங்க.”

அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். ஒருவன் போன் பேசியவன். ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

பூபதிராஜாவும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தான். “அய்யோ, பழனாத்தாக்காளா?” என்றான்.

குப்பண்ணன் எழப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தாறு வருசம் கூட வாழ்ந்த மனைவி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தோமா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்தது.

செய்தி முக்கைச் சுற்றிவர அரை நிமிசம்கூட ஆகவில்லை. ஒருவர் ஆட்டோவுக்குப் போன் போட்டார். ஒருவர் கம்பத்தில் ஏறிக் கறுப்புக்கொடியை அவிழ்த்தார். ஃபிளெக்ஸைச் சுருட்டினார்கள்.

பிறகு மளிகைக்கடை ஷட்டர் ஏறியது. அடுத்தது கோழிக்கடை. அதற்கடுத்தது உரக்கடை. யாரும் மரியாதைக் குறைவாகச் செய்யவில்லை. தலைவர் போட்ட சட்டத்தைத் தலைவரின் கண்ணெதிரே மீறக்கூடாது என்றுதான்.

“சாத்துங்கடா” என்றார் குப்பண்ணன். ஷட்டர்கள் ஏறுகிற இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக டீக்கடையும் திறந்தது. பூபதிராஜா அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து, கறுப்பு டீ ஊற்றிய கிளாஸ் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றான்.

“கட்டஞ்சாயாதானுங்க இருக்குது, பாலில்லீங்க. தெனமும் விடியால இந்த முக்குல மொதல்ல வந்து நிக்கிறதே அக்காதானுங்க, பால்கேனோட. இன்னைக்கு வர்லீங்க.”