முதலில் அதைப் படிக்கட்டும்

“கருந்துளையைச் சுற்றும் வாயுத்தட்டிலிருந்து, கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பாயும் தாரைக்குள் பொருள் எப்படிப் புகுகிறது என்ற அரிச்சுவடியே கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. அது தட்டின் மேற்பரப்பிலிருந்து காற்றாகக் கிளம்புகிறது என்று இருபது வருடங்களுக்கு முன்பே ஒரு கட்டுரை நிறுவிவிட்டது. முதலில் அதைப் படிக்கட்டும். முடிவை மாற்றினால் பிரசுரிக்கலாம்.”

ஆய்விதழின் மதிப்பீட்டாளர் அனுப்பியதை வாசித்து முடித்த கணவன், மனைவியைப் பார்த்தான்.

“மாத்திடுவோமா? மூணு வருஷ உழைப்பும்மா. இதுதான் கடைசி வாய்ப்பாம்.”

“மாத்த மாட்டேன். தட்டோட உள்விளிம்புல காந்தக் கோடுங்க சிக்கி, அறுந்து, பொருளைத் தாரைக்குள்ள வீசியடிக்குது. நீங்க எழுதின புரோகிராம்லதானே நாப்பது தடவை பார்த்தோம்?”

“நாம பார்த்தோம். இந்த மனுஷன் பழைய கட்டுரையையே கட்டிக்கிட்டு அழறாரே!”

“அழட்டும். அதுல ஏழாவது சமன்பாடு தப்புன்னு பதில் எழுதுங்க.”

அவன் தயங்கினான். “பேரைச் சொன்னா ஒரே வரியில வாயடைச்சுப் போவாரு. சொல்லிடட்டுமா?”

“கூடாது. எழுதினது யாருன்னு மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாதுங்கறது விதி.”

“நல்லா இருக்கு உங்க விதி! அந்தப் பழைய கட்டுரையை எழுதின உன்னையே, முதல்ல போய் அதைப் படிங்கிறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வருது!”

“சொல்லிட்டுப் போகட்டுங்க. இருபது வருஷமா என் பேரைப் பார்த்தே அந்தத் தப்பை நம்பிட்டாங்க. இந்தச் சரியையாவது கணக்கைப் பார்த்து நம்பட்டும். அனுப்புங்க!”