ஒரு ராத்திரி தூரம்

இந்த ஒரு வரி மட்டும் என் வாயில் வராது. மைக்கின் முன் நின்றபடி அவள் நினைத்துக்கொண்டாள்.

“அக்கா, ரெடியா? இன்னொரு டேக் போகலாம்.” ஹெட்போனில் டப்பிங் இயக்குநரின் குரல்.

திரையில் ஒரு பெண் கேப்டன் விண்கலத்துக்குள் மிதந்து வந்து வாயசைத்தாள். ‘இங்க ஈர்ப்பே கிடையாது. பூமி நம்மளைக் கைவிட்டுடுச்சு.’ தாளில் எழுதியிருந்தது அதுதான். அவள் வாய் திறக்கவில்லை. கேப்டன் ஊமையாகவே மிதந்து போனாள்.

“என்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?”

“வரி தப்பா இருக்கு தம்பி. பூமி அங்கேயும் இழுத்துக்கிட்டுதான் இருக்கு. இங்க இழுக்கிறதைவிடக் கொஞ்சம்தான் கம்மி.”

“அப்புறம் எப்படி மிதக்கிறாங்களாம்?”

“விழுந்துக்கிட்டே இருக்காங்க. பக்கவாட்டுல அவ்வளவு வேகம். விழ விழ பூமி வளைஞ்சு விலகிடுது, தரை வந்து சேரவே மாட்டேங்குது. கலமும் ஆளும் ஒண்ணாவே விழறதால மிதக்கிற மாதிரி இருக்கு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினீயர் சிரித்தான். “கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரின்னு சொல்லுங்க. யாருக்கா சொன்னது இதெல்லாம்?”

“என் பொண்ணு.”

“படம் பார்க்கிறவன் பரீட்சையா எழுதப் போறான்?” என்றார் இயக்குநர். “இருக்கிறதைப் படிங்கக்கா.”

அணைக்காமல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள்.

“அம்மா, சாப்பிட்டியா?”

“ஆச்சுடி. நீ?”

பதில் வரச் சற்று நேரமானது. எப்போதும் அப்படித்தான். “ம்ம். நாளன்னைக்குக் கிளம்பறேன்மா. வந்ததும் உன் மடியில தலை வச்சுப் படுக்கணும். படுக்கிறதுன்னா எப்படின்னே மறந்து போச்சு.”

“வா கண்ணு. மடி எங்க போயிடப் போகுது?”

அதற்குள் லைன் போய்விட்டது. மைக் திறந்தே இருந்திருக்கிறது.

“பொண்ணா? எங்க இருக்கா?” என்றான் இன்ஜினீயர்.

“பக்கம்தான். பஸ்ஸுன்னு பார்த்தா ஒரு ராத்திரி தூரம்.”

“பார்த்து எத்தனை நாளாச்சு?”

“ஆறு மாசம்.”

“இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டா? கல்நெஞ்சுக்காரி!”

அவள் சிரித்துவைத்தாள். வேலை செய்கிற இடத்தில் பெண்ணைப் பற்றி அவள் பேசுவதில்லை. பேசினால் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள், பயமாக இல்லையா என்று.

இயக்குநர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா மாமியார் குரல், கூட்டத்துல ஒப்பாரி வைக்கிற குரல். இப்பதான் முதல் தடவையாக் கதாநாயகி. ஒரு வரிக்காகக் கைநழுவ விடாதீங்கக்கா. நீங்க சொல்லலேன்னா சாயங்காலம் வேற ஆள் வந்துடும்.”

அவர் சொல்வது நியாயம்தான். அவளுக்கும் இந்தக் கேப்டனைப் பிடித்திருந்தது. கேப்டன் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் இவளும் கூடவே மூச்சு வாங்கியிருக்கிறாள்.

“‘பூமி நம்மளைக் கைவிடவே இல்ல’ன்னு மாத்திக்கலாமா? உதடு பொருந்தும்.”

“உதடு பொருந்தும், கதை கவுந்துடும். அடுத்த சீன்ல அவங்க எல்லாரும் அழணுமே!” அவர் பெருமூச்சு விட்டார். “கடைசியாக் கேட்கிறேன். சொல்றீங்களா?”

அவள் ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். திரையில் அசையாமல் நின்றிருந்த விண்கலத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே நீலமாய், பெரிதாய், பூமி.

“நாளன்னைக்கு என் பொண்ணு அங்கேயிருந்துதான் இறங்கி வரா தம்பி,” என்றாள் மெதுவாக. “பூமி கைவிட்டுடுச்சுன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்.”